பஸ்டர் கீட்டன்: தவறி விழுந்த தாவலை வெட்டி எறியாத காமெடி நாயகன்

ஒரு உயரமான கட்டடத்தின் மொட்டை மாடி. எதிரே இன்னொரு மாடி. நடுவில் பெரிய இடைவெளி. போலீஸ் துரத்த, ஓடி வரும் இளைஞர் இந்த மாடியிலிருந்து அந்த மாடிக்குத் தாவ வேண்டும். 1923-ல் வெளியான ‘த்ரீ ஏஜஸ்’ படத்துக்காக எடுக்கப்பட்ட காட்சி இது. கிராபிக்ஸ் எல்லாம் பிறக்காத காலம். தாவுகிற ஆள்தான் படத்தின் நாயகன், இயக்குநர், எடிட்டர் எல்லாமே.

தாவினார். ஆனால், எட்டவில்லை. எதிர்ச் சுவரின் விளிம்பில் கை மோதி, நழுவி, கீழே கட்டியிருந்த வலையில் விழுந்தார். நல்ல அடி. சில நாள் படுக்கையில் கிடந்தார்.

வேறு யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? உடம்பு தேறியதும் மறுபடியும் தாவியிருப்பார்கள். அந்தத் தவறான ஷாட்டைக் குப்பையில் போட்டிருப்பார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. எடுத்த பிலிமைப் போட்டுப் பார்த்தார். தாவி ஜெயிப்பதைவிடத் தாவி விழுவதுதான் வேடிக்கையாக இருக்கிறது என்று தோன்றியது. அந்த விழுதலை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் புதிய காட்சிகளை எடுத்து ஒட்டினார். விழுகிறவர் ஜன்னல்களுக்கு மேலுள்ள துணிப் பந்தல்களைக் கிழித்துக்கொண்டு வருகிறார். ஒரு குழாயைப் பிடிக்கிறார். குழாய் பிய்ந்து, அவரைச் சுழற்றி ஒரு ஜன்னலுக்குள் வீசுகிறது. உள்ளே இருப்பது தீயணைப்பு நிலையம். கம்பத்தில் சறுக்கிக் கீழே வந்து, கிளம்பும் தீயணைப்பு வண்டியில் தொற்றிக்கொள்கிறார். படத்திலேயே அதிகம் பேசப்படும் காட்சி அதுதான்.

இப்படி ஒரு விபத்தைக் காட்சியாக மாற்றியவர் பஸ்டர் கீட்டன். சார்லி சாப்ளினை நமக்கெல்லாம் தெரியும். அதே காலத்தில், அதே ஊரில், சாப்ளினுக்கு இணையாகப் பேசப்பட்ட இன்னொரு மேதை இவர். யார் இவர்? சிறிய குழுவையும் ஒரு எடிட்டிங் அறையையும் வைத்துக்கொண்டு இவர் செய்தது என்ன? அந்த அறை கைவிட்டுப் போனதும் என்ன ஆனார்? பார்ப்போம்.

மேடையில் பிறந்த பிள்ளை

1895 அக்டோபர் 4-ம் தேதி, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பிக்குவா என்கிற குட்டி ஊரில் கீட்டன் பிறந்தார். அப்பா ஜோ, அம்மா மைரா இருவருமே ஊர் ஊராகப் போய் மேடை நிகழ்ச்சி நடத்துகிறவர்கள். நிகழ்ச்சிக்காகப் போன ஊரில் பிறந்த பிள்ளை இவர். நடக்கப் பழகிய கொஞ்ச காலத்திலேயே மேடையேற்றிவிட்டார்கள்.

‘த்ரீ கீட்டன்ஸ்’ என்பது குடும்பக் குழுவின் பெயர். அப்பாவுக்கு அடங்காத பிள்ளை. அப்பா அவனைத் தூக்கி வீசுவார். இதுதான் நிகழ்ச்சி. வீசுவதற்கு வசதியாகப் பையனின் சட்டை முதுகில் பெட்டியின் கைப்பிடி ஒன்றைத் தைத்திருந்தார்கள். குழந்தையைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பினர் பலமுறை தடுக்கப் பார்த்தார்கள். பையனுக்கோ அடிபடாமல் விழும் கலை கைவந்துவிட்டது.

இன்னொரு விஷயத்தையும் அந்த வயதிலேயே கண்டுபிடித்தார். விழுந்து எழுந்து தானும் சிரித்தால் கூட்டம் கம்மியாகச் சிரிக்கிறது. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டால் விழுந்து விழுந்து சிரிக்கிறது. பின்னாளில் கல்முகம் என்று உலகமே அவரை அழைக்கக் காரணமான அந்த முகம், ஜனங்களின் சிரிப்பை அளந்து பார்த்து உருவாக்கிய முகம். எங்கே நிறுத்தினால் சிரிப்பார்கள், எவ்வளவு நேரம் காத்திருந்தால் இன்னும் சத்தமாகச் சிரிப்பார்கள் என்கிற கணக்கும் மேடையில் படித்ததுதான். எடிட்டிங்குக்கு வேண்டிய அடிப்படைப் பாடமும் அதுவே.

கேமராவைப் பிரித்துப் பார்த்தவர்

1917-ல் நியூயார்க்கில் ராஸ்கோ ஆர்பக்கிள் என்கிற பிரபல காமெடி நடிகரின் ஸ்டுடியோவுக்கு கீட்டன் போனார். போன அன்றே ஒரு காட்சியில் நடித்தார். மேடையில் வாரம் 250 டாலருக்கு ஒப்பந்தம் கையில் இருந்தது. சினிமாவிலோ முதல் வாரம் கிடைத்தது 40 டாலர். இருந்தும் மேடையை விட்டுவிட்டு சினிமாவுக்கே வந்துவிட்டார்.

அன்று அவரை மயக்கியது நடிப்பைவிட அந்த இயந்திரம்தான் என்று சொல்வார்கள். கேமராவைக் கடன் வாங்கிக்கொண்டு போய், பிரித்துப் போட்டு, எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடி பூட்டினாராம். எடிட்டிங் அறையிலும் போய் உட்கார்ந்தார். ஆர்பக்கிள் இயக்கத்தோடு வெட்டி ஒட்டும் வேலையையும் அவருக்குக் கற்றுக் கொடுத்தார். இடையில் முதல் உலகப் போருக்காக ராணுவத்தில் சேர்ந்து பிரான்ஸ் போனார். அங்கே காது பாதிக்கப்பட்டதுதான் மிச்சம்.

1920-ல் தயாரிப்பாளர் ஜோசப் ஷெங்க், கீட்டனுக்கெனத் தனி யூனிட் அமைத்துக் கொடுத்தார். ஹாலிவுட்டில் சாப்ளின் முன்பு பயன்படுத்திய ஸ்டுடியோதான் இவருக்குக் கிடைத்தது. வாரம் 1,000 டாலர் சம்பளம், லாபத்தில் 25 சதவீதம். ஆனால், கம்பெனியில் அவருக்குப் பங்கு கிடையாது. பெயர் பலகையில் அவர் பெயர், சாவி வேறொருவர் கையில். இது பிற்பாடு பெரிய வினையாக வந்து நிற்கும்.

ஃபாதர் ஷெர்மனும் பிலிம் துண்டுகளும்

குழு சிறியது. கதை யோசிக்க ஜீன் ஹாவெஸ், கிளைட் புரூக்மன் போன்ற மூன்று நான்கு பேர். செட், இயந்திர வேலைக்கு ஃபிரெட் கபூரி. கேமராவுக்கு எல்ஜின் லெஸ்லி. காகிதத்தில் எழுதிய ஸ்கிரிப்ட் கிடையாது. ஆரம்பமும் முடிவும் தெரிந்தால் போதும், நடுப்பகுதி தானாக வந்துவிடும் என்பது இவர்களின் நம்பிக்கை. யோசனை ஓடவில்லையா? எல்லோரும் பேஸ்பால் ஆடப் போய்விடுவார்கள். ஆட்டத்துக்கு நடுவில் யாருக்காவது ஐடியா வந்தால் மட்டையைப் போட்டுவிட்டு மறுபடி படப்பிடிப்பு.

எடிட்டிங் அறையில் ஷெர்மன் கெல் என்பவர் இருந்தார். பார்க்கப் பாதிரியார் மாதிரி இருப்பார் என்பதால் ஃபாதர் ஷெர்மன் என்றே கூப்பிடுவார்கள். இருவரும் வேலை செய்த விதம் ரொம்ப எளிமையானது. கெல் எல்லா பிலிமையும் ஷாட் ஷாட்டாகப் பிரித்து, தாங்கிகளில் வரிசையாக அடுக்கி வைத்துவிடுவார். கீட்டன் வந்து உட்கார்ந்து, இந்தத் தூரத்து ஷாட்டைக் கொடு, அப்புறம் அந்தக் கிட்டத்து ஷாட்டைக் கொடு என்று கேட்கக் கேட்க கெல் எடுத்துக் கொடுப்பார். எங்கே வெட்டுவது என்று கீட்டன் தீர்மானிக்க, கெல் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருவார். எந்தத் துண்டு எந்தத் தாங்கியில் தொங்குகிறது என்று அவருக்கு மனப்பாடம்.

அந்தக் காலத்து எடிட்டிங் என்றால் என்ன என்று இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். மானிட்டர் கிடையாது. பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். கத்தரிக்கோலால் வெட்டி, பசை வைத்து ஒட்ட வேண்டும். ஒரு ரீல் சுமார் 1,000 அடி; ஓடினால் பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். கேமராவையும் கையால்தான் சுற்றுவார்கள். மெதுவாகச் சுற்றினால் திரையில் ஆட்கள் வேகமாக ஓடுவார்கள். ஆக, ஒரு ஓட்டத்தின் வேகம் படப்பிடிப்பில் பாதி, வெட்டும் மேசையில் பாதி என்று முடிவாகும். நடித்தவரே வெட்டுகிறவராகவும் இருந்ததால் கீட்டனுக்கு இந்த இரண்டும் ஒரே கணக்கு.

1920 முதல் 1923 வரை இப்படி 19 குறும்படங்கள் வந்தன. பெரும்பாலானவை இரண்டு ரீல், அதாவது சுமார் 20 நிமிடம். முதலில் எடுத்த ‘ஹை சைன்’ அவருக்கே பிடிக்கவில்லை. தூக்கி உள்ளே வைத்துவிட்டார். அடுத்து எடுத்த ‘ஒன் வீக்’ படத்தைத்தான் முதலில் வெளியிட்டார். புதுமணத் தம்பதி தாங்களே பூட்டிக் கட்டும் வீடு கோணல்மாணலாக எழுந்து நிற்கும் கதை. இன்று பார்த்தாலும் வயிறு வலிக்கும்.

வெட்டக் கூடாத இடம் எது?

காமெடியை எடிட் செய்வதில் கீட்டனுக்குத் தெளிவான சில கொள்கைகள் இருந்தன. முதலாவது, சாகசத்தை நடுவில் வெட்டக் கூடாது. தாவுவது ஒரு ஷாட், இறங்குவது இன்னொரு ஷாட் என்று பிரித்தால் ஜனங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆள் முழுசாகத் தெரியும்படி தள்ளி நின்று, ஒரே ஷாட்டில் காட்ட வேண்டும். 1928-ல் வந்த ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் மொத்தமாக அவர் மேல் சாய்கிறது. மாடி ஜன்னலின் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து இறங்க, அவர் தப்பிக்கிறார். டன் கணக்கில் எடையுள்ள நிஜச் சுவர். கொஞ்சம் நகர்ந்து நின்றிருந்தாலும் ஆள் காலி. ஒரே ஷாட், வெட்டே இல்லை. ஜாக்கி சான் தன் ‘ப்ராஜெக்ட் ஏ’ இரண்டாம் பாகத்தில் இதே காட்சிக்கு மரியாதை செய்திருக்கிறார்.

இரண்டாவது, எழுத்து அட்டையை நம்பாதே. மௌனப் படங்களில் வசனத்தையும் கதையையும் எழுத்தில் காட்டுவார்கள் இல்லையா? சராசரியாக ஒரு படத்துக்கு 240 அட்டை போடுகிற காலத்தில், தான் அதிகபட்சமாகப் போட்டதே 56-தான் என்று கீட்டன் பிற்காலப் பேட்டிகளில் கணக்குச் சொன்னார். படத்தைப் பார்த்துப் புரியவில்லை என்றால் காட்சியை மாற்று, எழுதி விளக்காதே என்பது இதன் பொருள்.

மூன்றாவதுதான் முக்கியமானது. கடைசித் தீர்ப்பு ஜனங்களுடையது. படம் முடிந்ததும் ஏதாவது ஒரு தியேட்டரில் முன்கூட்டியே போட்டுக் காட்டுவார்கள். கீட்டன் கூட்டத்தோடு உட்கார்ந்து சிரிப்பைக் கேட்பார். பிறகு ஸ்டுடியோவுக்குத் திரும்பி வெட்டுவார், தேவைப்பட்டால் மறுபடி எடுப்பார்.

மீன்கள் போக்குவரத்தும் மூன்று கற்களும்

இதற்கு இரண்டு உதாரணம் சொல்லலாம். 1924-ல் ‘நேவிகேட்டர்’ படம். கடலுக்கடியில் கப்பலின் பழுதைச் சரிசெய்ய நாயகன் இறங்குகிறார். மீன் கூட்டம் ஒன்று குறுக்கே போகிறது. ஒரு நட்சத்திர மீனை எடுத்து நெஞ்சில் போலீஸ் பேட்ஜ் மாதிரி ஒட்டிக்கொண்டு, மீன்களுக்குப் போக்குவரத்தைச் சரிசெய்கிறார். கஷ்டப்பட்டு, செலவு செய்து எடுத்த காட்சி. குழுவில் எல்லோருக்கும் பிடித்திருந்தது.

முன்காட்சியில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஏன்? கீட்டன் யோசித்தார். மேலே கப்பலில் நாயகி ஆபத்தில் இருக்கிறாள். அவளைக் காப்பாற்ற வேண்டியவன் கீழே மீனோடு விளையாடிக்கொண்டிருந்தால் பார்க்கிறவனுக்கு எரிச்சல்தானே வரும்? காட்சியைத் தூக்கிவிட்டார். அதே துண்டை டிரெய்லரில் தனியாகப் போட்டபோது ஜனங்கள் சிரித்தார்கள். காமெடியில் குறை இல்லை, அது வந்து உட்கார்ந்த இடம்தான் தப்பு. இதை எந்த எழுத்தாளரும் மேசையில் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்க முடியாது.

இரண்டாவது உதாரணம் நேர்மாறானது. 1925-ல் ‘செவன் சான்சஸ்’. மணப்பெண்கள் கூட்டமாகத் துரத்த, நாயகன் மலைச்சரிவில் ஓடுகிறார். படம் சுமார்தான் என்று கீட்டனே நினைத்தார். முன்காட்சியில் கடைசியில் எதிர்பாராத ஒரு சிரிப்பு கேட்டது. என்னவென்று பிலிமைத் திருப்பிப் பார்த்தால், ஓடும்போது கால் தட்டி ஒரு கல் உருண்டு, அது இன்னும் இரண்டு கல்லைக் கிளப்பி, மூன்றும் அவர் பின்னாலேயே உருண்டு வந்திருக்கின்றன. யாரும் திட்டமிடாத தற்செயல். உடனே திரும்பிப் போய், சின்னக் கல் முதல் ஆள் உயரத்தையும் தாண்டும் பாறை வரை போலிக் கற்களைச் செய்து, மலையிலிருந்து உருட்டிவிட்டு ஓடினார். சுமார் 1,500 கற்கள் என்று அவரே பின்னாளில் சொன்னார். படம் பிழைத்தது.

எடிட்டிங்கையே கதையாக்கிய படமும் ஒன்று உண்டு. 1924-ல் வந்த ‘ஷெர்லாக் ஜூனியர்’. தியேட்டரில் படம் ஓட்டும் பையன் தூங்கிப்போய், கனவில் திரைக்குள்ளேயே நுழைந்துவிடுகிறான். உள்ளே போனால் பின்னணி மாறிக்கொண்டே இருக்கிறது. தோட்டத்தில் உட்காரப் போனால் சாலை வருகிறது. கடல் பாறையிலிருந்து நீரில் குதித்தால் பனிக்குவியலில் விழுகிறான். ஒவ்வொரு வெட்டிலும் ஆள் அதே இடத்தில், பின்னணி மட்டும் வேறு. இதற்காக நில அளவைக் கருவி வைத்துத் தூரம் அளந்தார்கள். முந்தைய ஷாட்டை உடனே கழுவி, அதிலிருந்து சில பிரேம்களை வெட்டிக் கேமராவுக்குள் வைத்து, அதே இடத்தில் கீட்டனை நிறுத்தினார்கள்.

இந்தப் படமும் முன்காட்சிகளில் சரியாகப் போகவில்லை. கீட்டன் வெட்டினார், மறுபடி வெட்டினார். கடைசியில் மிஞ்சியது சுமார் 45 நிமிடம். ஒரு முழுநீளப் படத்துக்கு அது ரொம்பக் கம்மி. அந்தக் கச்சிதம்தான் இன்றுவரை படத்தைக் காப்பாற்றுகிறது. இதே படத்தில் ரயில்வே தண்ணீர்த் தொட்டியின் நீர் கொட்டித் தண்டவாளத்தில் விழுந்ததில் அவர் கழுத்தெலும்பு உடைந்தது. பல வருடம் கழித்து வேறு எதற்கோ எக்ஸ்ரே எடுத்தபோதுதான் அவருக்கே தெரிந்தது.

கத்தரிக்கோல் கைமாறியபோது

1923 முதல் 1928 வரை இப்படிச் சுதந்திரமாக 10 முழுநீளப் படங்கள் எடுத்தார். செலவும் ஏறிக்கொண்டே போனது. ‘ஜெனரல்’ படத்துக்காக ஆரிகன் மாநிலத்தில் நிஜ ரயில் இன்ஜினை, எரியும் பாலத்தோடு சேர்த்து ஆற்றில் தள்ளினார். இன்று உலகின் சிறந்த படங்கள் பட்டியலில் இருக்கும் அந்தப் படம், 1927-ல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தபோது தோல்வி.

1928-ல் ஷெங்க் அந்த யூனிட்டை மூடி, கீட்டனை எம்ஜிஎம் நிறுவனத்தோடு சேர்த்துவிட்டார். சாப்ளினும் ஹெரால்ட் லாய்டும் போகாதே என்றார்கள். ஆனால், கம்பெனியில் பங்கு இல்லாதவர் என்ன செய்ய முடியும்? வாரம் 3,000 டாலர் சம்பளம் வந்தது. முதல் படமான ‘கேமராமேன்’ நன்றாகவே வந்தது. அதற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது. பக்கம் பக்கமாக ஸ்கிரிப்ட் வேண்டும். எதை எடுப்பது, எதை வெட்டுவது என்பதெல்லாம் மேலிடத்தின் முடிவு. பழைய குழுவும் சிதறிவிட்டது. பேசும் படம் வந்ததும் வாய் ஓயாத வசனத்தை அவர் வாயில் திணித்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் படங்கள் நன்றாக ஓடின. வசூலில் ‘ஜெனரல்’ படத்தைவிட எவ்வளவோ மேல். அதனால், அவர் சொன்னதைக் கேட்க ஸ்டுடியோவுக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை. கீட்டன் குடிக்க ஆரம்பித்தார். 1932-ல் மனைவி நடாலி டால்மேட்ஜ் விவாகரத்து வாங்கினார். இரண்டு மகன்களின் குடும்பப் பெயரும் தாய்வழிப் பெயராக மாறியது. 1933-ல் எம்ஜிஎம் அவரை வேலையிலிருந்து நீக்கியது.

மலிவுப் படங்களின் காலம்

அடுத்து வந்தவைதான் நிஜமான சிக்கனப் படங்கள். 1934 முதல் 1937 வரை எஜுகேஷனல் என்கிற சிறு நிறுவனத்துக்காக 16 குறும்படங்கள். சில நாட்களில் எடுத்து முடித்துவிட வேண்டும். மறுபடியும் இரண்டு ரீல், மறுபடியும் சின்னக் குழு. அப்படியென்றால் பழைய மாயம் திரும்பியிருக்க வேண்டுமே?

பெரும்பாலும் திரும்பவில்லை. 1936-ல் வந்த ‘கிராண்ட் ஸ்லாம் ஆபரா’ மாதிரி ஒன்றிரண்டுதான் தேறின. 1920-களில் அவருக்குக் கிடைத்தது பணத்தைவிடப் பெரிய ஒன்று. அது நேரம். படத்தைப் போட்டுக் காட்டி, சிரிப்பு வராத இடத்தைக் கண்டுபிடித்து, திரும்பிப் போய் எடுத்து, மறுபடி வெட்டுவதற்கான அவகாசம். மலிவுக் கம்பெனியில் அது கிடையாது. அடுத்து கொலம்பியா நிறுவனத்துக்காக நடித்த 10 குறும்படங்களிலும் இதே கதைதான்.

பிழைப்புக்காகத் தன்னை நீக்கிய எம்ஜிஎம்மிலேயே, பழைய சம்பளத்தில் சிறு துண்டுக்கு, அடுத்தவர் படங்களுக்கு காமெடி யோசித்துக் கொடுக்கும் வேலைக்குப் போனார். 1948-ல் ரெட் ஸ்கெல்டன் நடித்த ‘எ சதர்ன் யாங்கி’ படத்தில், இரண்டு எதிரிப் படைகளுக்கு நடுவே பாதி நீலம், பாதி சாம்பல் சீருடையும் இரட்டைக் கொடியுமாக நாயகன் நடந்துபோகும் காட்சி கீட்டனின் யோசனை. 1940-ல் எலினார் நாரிஸை மணந்தார். அந்தத் திருமணம்தான் அவரை மீட்டெடுத்தது.

கொட்டகையில் கிடைத்த புதையல்

1949-ல் எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜி, லைஃப் பத்திரிகையில் மௌனப்பட காமெடியர்களைப் பற்றி எழுதிய கட்டுரை கீட்டனை மறுபடி நினைவுபடுத்தியது. அவர் வாழ்ந்த பழைய மாளிகையை நடிகர் ஜேம்ஸ் மேசன் வாங்கியிருந்தார். அங்கே தோட்டத்துக் கொட்டகையில் பிலிம் டப்பாக்கள் கிடந்தன. எல்லாம் கீட்டனின் பழைய படங்கள். அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் தானாக மக்கிப்போகும், சீக்கிரம் தீப்பிடிக்கும். 1954-ல் கீட்டனைச் சந்தித்த ரேமண்ட் ரோஹவர் என்பவர், மிஞ்சியிருந்த படங்களைத் தேடித் திரட்டிப் பாதுகாப்பான பிலிமுக்கு மாற்ற ஏற்பாடு செய்தார்.

1952-ல் சாப்ளினின் ‘லைம்லைட்’ படத்தில் இருவரும் ஒன்றாகத் தோன்றினார்கள். 1960-ல் கௌரவ ஆஸ்கர் கிடைத்தது. 1965-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. 1966 பிப்ரவரி 1-ம் தேதி, 70-வது வயதில் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டுக்கு 1989-ல் முதன்முதலாகத் தேர்வான படங்களில், அன்று தோற்றுப்போன ‘ஜெனரல்’ படமும் ஒன்று.

‘த்ரீ ஏஜஸ்’ இன்று இணையத்தில் யாரும் பார்க்கலாம். பிலிம் மக்கியதால் சில இடங்களில் கறை கறையாகத் தெரியும். அந்த மொட்டை மாடித் தாவல் வரும்போது மட்டும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். விளிம்பில் கை மோதி நழுவுகிறதே, அது நடிப்பில்லை. அடுத்த ஷாட்டில் துணிப் பந்தல் கிழிவது சில நாள் கழித்து, உடம்பு தேறி வந்து எடுத்தது. நடுவில் இருக்கும் அந்த ஒட்டு நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.